ஃப்ரேமை மறைத்த புல்

சென்ற வருடம் பிப்ரவரி இரண்டாம் தேதி காலை, வாய்க்கால் பாலத்துக்குத் தெற்கே இருக்கும் காய்கறித் தோட்டத்தின் வரப்பில் ஒரு செங்கல் பதிக்கப்பட்டது.

பதித்தவள் அக்கா. தோட்டம் அவள் தம்பியுடையது. கேமரா நிற்கும் ட்ரைபாடின் முன்கால் ஒவ்வொரு முறையும் அந்தச் செங்கல்மேல் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், நிலம் மாறுவதை மாதாமாதம் பிடிக்க முடியும். எடுத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டினால் ஒரு வருட விவசாயம் ஒரு நிமிடத்தில் கண்முன்னால் ஓடும்.

தணிக்கை அலுவலக வேலையை உதறிவிட்டு, மருந்தில்லாமல் காய்கறி போடப் போகிறேன் என்று தம்பி கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தாள். உடைந்த கார்களின் புகைப்படங்கள், எலும்பு முறிவுச் சான்றிதழ்கள், மறுபடி உடைந்த கார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தபோது, தம்பி குழாயடியில் கைகழுவிவிட்டு நிமிர்ந்தான். வேலை முடிந்து நிமிரும் யார் முகத்திலும் அவள் அப்படி ஒரு நிறைவைப் பார்த்ததில்லை. இவனைப் படம் பிடிக்கத்தான் நாம் பிறந்தோம் என்று அன்றைக்குத் தோன்றியது. மூன்றே மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டுப் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள்.

படத்துக்கு 'மருந்து படாத மண்' என்று பெயர் வைத்தாள். கடைசிக் காட்சியில் தம்பி ஒரு பிடி மண்ணை அள்ளி, லென்ஸை நேராகப் பார்த்துச் சொல்வான்: "இந்த மண்ணுல ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. படவும் விடமாட்டேன்."

படத்தொகுப்பு நடந்தது ஒரு தையல்கடையின் மாடியில். தொகுப்பாளரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'கத்திரி' என்றே கூப்பிட்டார்கள். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் பெரியப்பாவையே வெட்டித் தள்ளியவர் என்று பெயர். வரப்புக் காட்சிகளை அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"மேடம், உங்க தம்பி புல்லுக்கு ஸ்கேல் வெச்சு கோடு போட்டிருக்காரா?"

"என்ன கோடு?"

"மே மாசம் பச்சை. ஜூன்ல பாருங்க, பாதி பச்சை, பாதி வைக்கோல். நடுவுல கோடு கிழிச்ச மாதிரி."

"வெயில்ல காஞ்சிருக்கும்."

"வெயிலு அந்தப் பக்கம் மட்டுமா அடிச்சுது?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையால் பிடுங்கியிருந்தால் மண் கிளறிக் கிடந்திருக்கும். வெட்டியிருந்தால் கட்டை தெரியும். இங்கே புல் நின்ற இடத்திலேயே, வேரோடு வெந்து துவண்டு போயிருந்தது. ஓரத்து வெண்டைச் செடிகளில் இலைகள் சுருண்டிருந்தன. இந்தப் படத்துக்காகப் படித்த அத்தனை புத்தகங்களிலும் களைக்கொல்லி பட்ட இலை இப்படித்தான் இருந்தது. படமெடுத்த அன்றைக்கு அதே வரப்பில்தான் நின்றாள். தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்ணைக் கையில் அள்ளிய காட்சி ஆகஸ்டில் எடுத்தது. புல் கருகி இரண்டு மாதம் கழித்து.

மறுநாள் முதல்முறையாக போன் பண்ணாமல் தோட்டத்துக்குப் போனாள். தம்பி கொட்டகையில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"வரப்புல என்னடா அடிச்சே?"

அவன் கையிலிருந்த தக்காளியைக் கூடையில் வைத்தான். அடுத்ததை எடுக்கவில்லை.

"புல்லுக்கு அடிச்சேன்."

"எத்தனை தடவை?"

"வரப்புல ஒரு தடவை. அப்புறம்..." தோட்டத்தைப் பார்த்தான். "களை எடுக்க ஆள் வரலைக்கா. ஒரு தடவை அடிச்சுப் பாத்ததும் கை பழகிடுச்சு."

"அடிச்சுட்டுத்தான் மண்ணை அள்ளி வெச்சுக்கிட்டு வாய் கூசாம பேசினியா? நான் முட்டாள் மாதிரி அழுதுட்டே எடுத்தேன்டா!"

"நீ அழுததாலதான் சொல்ல முடியல. வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறே. உன்கிட்டப் போய், அக்கா, இது சரிவரலன்னு எப்படிச் சொல்றது?"

"ஓ, எல்லாம் எனக்காகவா? நல்லா இருக்குடா நியாயம்!"

தம்பி எழுந்து துண்டால் கையைத் துடைத்தான். குரல் உயரவில்லை.

"வரப்புப் புல்லு யாருக்கு இடைஞ்சலா இருந்துச்சு? எனக்கா? நீதான் போன்ல சொன்னே. 'புல்லு ஃப்ரேமை மறைக்குது, வெள்ளிக்கிழமை வரேன், அதுக்குள்ள எப்படியாவது சுத்தம் பண்ணி வை'ன்னு. ரெண்டு நாள் ஒத்தையா குனிஞ்சு பிடுங்கினேன். கால்வாசிகூட ஆகல. எப்படியாவதுன்னுதானே சொன்னே?"

அவளுக்கு நினைவிருந்தது. பஸ்ஸுக்கு நின்றுகொண்டே பேசியது. அந்த வார்த்தைதான்.

"நான் மருந்து அடிக்கச் சொன்னேனா?"

"சொல்லல. எப்படின்னு கேக்கவும் இல்ல."

தம்பி மனைவி தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, முதல்ல உக்காருங்க" என்றாள். அக்கா உட்காரவில்லை. பையைத் திறந்து கேமராவை எடுத்தாள்.

"இதை இப்படியே கேமரா முன்னாடி சொல்லு."

"சொன்னா வாரா வாரம் காய்கறிக் கூடை வாங்குற ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க."

"தெரியும்."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "சொல்றேன். ஆனா முழுசா சொல்வேன், நீ கேட்டதையும் சேர்த்து. முழுசாப் போடுவியா?"

"போடுவேன்."

கொட்டகைச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, எதையும் மழுப்பாமல், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் பேசினான். அவளுடைய போன் அழைப்பு நடுவில் வந்தது. அந்த இடத்தில் மட்டும் அவன் லென்ஸை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். பேசி முடித்ததும் எழுந்து தக்காளிக் கூடையிடம் போய்விட்டான்.

தையல்கடை மாடியில் கத்திரி அதை ஓட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், படத்துக்கு உயிரே இப்பத்தான் வந்திருக்கு."

"அந்த போன் விஷயம் வேண்டாம்."

"அதுதானே இதுல முக்கியம்?"

"கேக்கிறவங்களுக்குச் சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். அவன் தப்பை அவன் ஒத்துக்கிட்டா போதும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"படம் என்னுது."

கத்திரி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, இதுவரை யாரையும் கேட்காமல் வெட்டியவர், "இங்கேர்ந்து இங்கேவரைக்குமா?" என்று கேட்டுவிட்டு வெட்டினார்.

படம் ஒரு விழாவுக்குத் தேர்வாகி நல்ல பெயர் வாங்கியது. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, சொந்தத் தம்பியையே விட்டுக்கொடுத்து உண்மையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். அக்கா நன்றி சொன்னாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து போனாள்.

கூடை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வாங்குவதை நிறுத்தினார்கள். தம்பி தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழைய தணிக்கை அலுவலகத்தில் மறுபடி சேர்ந்தான். அக்காவின் போனை அவன் எடுப்பதில்லை.