சாவு விழுந்த நாளில் நிற்கும் ஆட்டோ

உறுவையாற்றில் யாராவது இறந்தால், அன்று மாலை செல்வகுமாரியின் மின்சார ஆட்டோ நின்றுவிடும்.

முதல் முறை தற்செயல் என்றார்கள். இரண்டாம் முறை பேட்டரியைத் திட்டினார்கள். மூன்றாம் முறை கரும்புத் தோட்டத்தை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளோடு வண்டி முடங்கியபோது, சார்ஜ் மீட்டர் நாற்பது சதவீதம் என்று தெம்பாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று மகளை வெயிலில் நடத்திக் கூட்டிப்போன கனகாம்பாள், மற்ற பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

"சாவு வண்டில புள்ளைங்கள ஏத்தாதன்னு ஊரே சொல்லுது. இன்னொரு தபா நின்னுச்சின்னா வேன் வெச்சிக்கிறோம், செல்வி."

பள்ளிச் சவாரி போனால் ஆட்டோவை விற்க வேண்டியதுதான். செல்வகுமாரிக்கு வேறு நிலையான சவாரி கிடையாது.

இன்று காலை இன்னாசிமுத்து இறந்துபோனார்.

மைக் செட் வைத்திருக்கும் தம்பி அன்புராஜ், வழக்கம்போல் அக்காவின் ஆட்டோவில் இரட்டைக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சாவு அறிவிக்கக் கிளம்பினான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த செல்வகுமாரி அவனைத் தடுக்கவில்லை. வில்லியனூரில் லித்தியம் பேட்டரி பழுதுபார்க்கும் பர்வினுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கி சாவுடி. கண்டிப்பா நிக்கும். வந்து கூடவே இரு."

மதியம் பர்வின் வந்து, செல்வகுமாரியோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"செல் எல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கு, அக்கா. மீட்டர்ல பேட்டரி அளவும் சரியாத்தான் போட்டிருக்கேன். முழுசா ஏத்தி, முழுசா எறக்கிப் பாத்தேன். ஒரு புள்ளி தப்பல."

"அப்போ ஆவிதான்," என்றான் அன்புராஜ். "பெட்ரோல் போட முடியாத ஆவி. அதான் கரண்ட்டு ஆட்டோல ஏறுது."

"வாய மூடிக்கினு ஓட்டுடா," என்றாள் செல்வகுமாரி.

வண்டி ஊர்ந்தது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் மீட்டரில் ஆம்பியர் கணக்கில் ஏறி இறங்கியது. பர்வின் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒழுங்கு. அதுதான் அவளை உறுத்தியது. சார்ஜ் எழுபத்தொன்று. வண்டி சாகப்போகும் அறிகுறியே இல்லை.

கோயில் முனையில் அன்புராஜ் வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்தான்.

"உறுவையாற்றைச் சேர்ந்த திரு. இன்னாசிமுத்து அவர்கள் இன்று காலை..."

குரல் வயல் தாண்டிப் போனது. வேப்பமரத்துக் காகங்கள் பறந்தன.

பர்வின் மீட்டரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"அன்பு, நிறுத்தாத. பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது? முடிஞ்சிபோச்சே."

"அவரு பேரையே திருப்பிச் சொல்லு."

அவன் சொன்னான். ஸ்பீக்கர் அதிர்ந்தது. அது அவ்வளவு மின்சாரம் இழுத்தும் மீட்டரில் ஆம்பியர்: பூஜ்யம்.

பர்வின் சீட்டைத் தூக்கினாள். பேட்டரியின் மைனஸ் முனையில் இரண்டு வயர்கள் இருந்தன. ஒன்று, தீப்பெட்டி அளவு பித்தளைத் துண்டு ஒன்றின் வழியாக மோட்டாருக்குப் போனது. இன்னொன்று தடித்த கறுப்பு வயர். அந்தத் துண்டைத் தொடாமல் நேராக ஆம்ப்ளிஃபயரின் இன்வெர்ட்டருக்கு ஓடியது.

"இது யாரு போட்டது?"

அன்புராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான். எர்த்த நேரா பேட்டரில புடிச்சாத்தான் ஸ்பீக்கர்ல கொர்ருன்னு சத்தம் வராது. எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான் புடிப்போம்."

"இத எப்பக் கட்டுவ?"

"சாவுக்கு மட்டும். முடிஞ்சதும் கழட்டிருவேன்."

செல்வகுமாரி தம்பியைப் பார்த்த பார்வையில், அவன் மைக்கை ஓசைப்படாமல் கீழே வைத்தான்.

"அக்கா, இந்தத் துண்டு இருக்கே, இது வழியாப் போறதத்தான் மீட்டர் எண்ணும். பந்தி வாசல்ல இலை எண்றவன் மாதிரி," என்றாள் பர்வின். "உள்ள போற ஆளத்தான் கணக்கு வெப்பான். உன் தம்பி கொல்லப்பக்கமா பூந்து சாப்பிட்டுக்கினு இருக்கான். சோறு தீந்துபோச்சு, கணக்குல மட்டும் மீதி நிக்குது. நான் கடையில சோதிச்ச அன்னிக்கெல்லாம் இந்த வயரே இல்ல. எப்படித் தெரியும்?"

அன்புராஜை மறுபடி பேசவிட்டு, வயரை வளைத்துப் பிடித்து அளக்கும் தன் கைமீட்டரைக் கறுப்பு வயரில் மாட்டினாள். ஒன்பது ஆம்பியர். காலையிலிருந்து அவன் கத்திய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். மீட்டர் காட்டிய எழுபத்தொன்றில் பாதிதான் உண்மை.

"சாயந்தரச் சவாரிக்குப் போதுமா?" என்றாள் செல்வகுமாரி.

"போதும். இனிமே இவன் வாயத் தொறக்கக் கூடாது."

வயரைப் பித்தளைத் துண்டைத் தாண்டி மோட்டார் பக்கமாக மாற்றி முடுக்கினாள். மீட்டரின் எண்ணையும் கையாலேயே முப்பத்தாறாகத் திருத்தினாள். அன்புராஜ் மோட்டாரை ஓட்டி, சோதிக்க ஒரே ஒரு வார்த்தை பேசினான். ஸ்பீக்கர் கொர்ரென்றது.

"எம் பேரே கெட்டுப்போவும், பர்வின்."

"செத்தவரு கொற சொல்லமாட்டாரு."

மீதித் தெருக்களுக்கு அவன் கையில் பிடித்துப் பேசும் மெகாஃபோனோடு சைக்கிளில் போனான்.

மாலை, பிள்ளைகள் நிறைந்த ஆட்டோ கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்போது செல்வகுமாரியின் கண் சாலையில் பாதி, மீட்டரில் பாதி இருந்தது. இருபத்தேழு. இருபத்திரண்டு. எண் மளமளவென்று இறங்கியது. அது இறங்க இறங்க அவளுக்குத் தைரியம் வந்தது. சாவு நாளில் முதல் முறையாக மீட்டர் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கனகாம்பாள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சாவு அன்னிக்கி வண்டி நிக்குமே. நிக்கலியா?"

"நின்னிச்சே," என்றாள் செல்வகுமாரி, பிரேக்கைப் பிடித்தபடி. "உங்க வூட்டு வாசல்ல."