கொம்பனின் கல்மேடு

வெர்னா கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் கிடந்த அவள் கணவன் ஹார்லனின் கைப்பேசி அலறியது. ஓடைகளில் திடீர் வெள்ளம் வரக்கூடும், கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவும் என்றது திரை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வடக்கே மலைப்பக்கம் மட்டும் வானம் மையைக் கொட்டியது போலிருந்தது. மில் ஓடை அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. ஹார்லன் ஓடையில் இருந்தான். கைப்பேசி இங்கே இருந்தது.

அவனை அனுப்பியவளே அவள்தான்.

தொட்டியில் இருந்தவை வானவில் கெண்டைகள், அதே ஓடையில் பிடித்தவை. வசந்தம் வந்தால் ஆண் மீன்களின் உடம்பில் ஊதாவும் துடுப்புகளில் நீலமும் ஏறிவிடும். ஆனால் முட்டை மட்டும் வைக்க மாட்டேனென்கின்றன. ஓடையில் இவற்றுக்கென்று சொந்த வீடு கிடையாது. தலையெல்லாம் முள்முள்ளாகக் கொம்பு முளைத்த கொம்பன் மீன், வாயாலேயே ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து மேடு கட்டும். அந்த மேட்டில்தான் இவை கூட்டமாக வந்து முட்டையிடும். ஹார்லன் ஒரு கிண்ணத்தில் கூழாங்கற்களைக் குவித்துத் தொட்டிக்குள் வைத்துப் பார்த்தான். அவை சீந்தவில்லை.

"கல்லு இருக்கு, பொண்ணுங்க வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. இவனுங்க என்னடான்னா கண்ணாடியில மூஞ்சி பாத்துக்கிட்டுத் திரியுறானுங்க" என்றான் காலையில், மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியை இறைச்சிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே.

"கொம்பன் வாசனை வேணுமோ என்னமோ. அவன் மேட்டுலேந்து ஒரு பிடி கல்லு அள்ளிட்டு வாயேன்."

"தனியா ஓடையில எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. போட்டுக் குடுத்துட மாட்டியே?"

"குடுப்பேன். கெழவன் மீனுங்களுக்குக் கல்யாண மண்டபம் பாக்கப் போயிருக்கான்னு சொல்வேன்."

குளிர்காலத்தில் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அனுப்பினாள். இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்த அன்று எல்லோரையும் போலப் பூங்கொத்து கொண்டுவராமல், ஊறுகாய் பாட்டிலில் மீனைக் கொண்டுவந்து நீட்டியவன் அவன்.

பக்கத்துப் பண்ணை ஓடெலுக்குப் போன் செய்தாள். விரல் ஈரத்தில் எண்கள் வழுக்கின. தகவலைச் சொல்லி முடித்துத் திரும்பியபோது தொட்டியில் ஏதோ மின்னியது. ஆண் மீன்கள் எல்லாம் கிண்ணத்தின் மேல் குவிந்திருந்தன. ஒரு பெண் கல்லிடுக்கில் இறங்க, இரண்டு பக்கமும் ஆண்கள் ஒட்டிக்கொண்டு நடுங்கின. பாசி சுரண்டுவதற்கு முன் அவள் ஊற்றிய குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரா, மலையில் கறுத்த வானமா, எது அவற்றை உசுப்பியதோ. கொம்பனும் தேவைப்படவில்லை, அவன் கல்லும் தேவைப்படவில்லை. ஹார்லன் போயிருக்கவே வேண்டாம்.

முட்டை விழுந்த கிண்ணத்தை உடனே எடுத்து வேறு தொட்டியில் வைக்காவிட்டால் பெற்றவையே தின்றுவிடும். வெர்னா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பாலத்தருகே ஹார்லனின் பிக்கப் வண்டி நின்றது, கதவு திறந்தபடி. ஓடை தேநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, முறிந்த மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. ஓடெல் கயிறும் கையுமாகக் கரையில் நின்றான்.

"எங்க அவன்?"

"அந்தா, நடுத்திட்டுல. மரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு. ரெண்டு தடவ கயிறு வீசிட்டேன், எட்டல. டவுன்லேந்து படகு வருது." ஓடெல் அவளை ஏறிட்டான். "மீனுக்காகவா எறங்குனான், வெர்னா?"

"எனக்காக எறங்குனான்."

ஓடெல் தன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்து மறுபடி வைத்துக்கொண்டான்.

ஹார்லன் ஒரு கையால் மரத்தை அணைத்திருந்தான். இன்னொரு கையில் வாளி. முகம் சாம்பலாய் வெளுத்திருந்தது. தையல் போட்ட நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிவதுபோல் அவளுக்கு இருந்தது. வாளியைக் கீழே போடு என்று கத்தினாள். தண்ணீரின் இரைச்சல் அவள் குரலை விழுங்கிவிட்டது.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுக்கிக் காட்டினாள். மீன்கள் கல்மேட்டில் செய்வதை அவன் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் நடித்துக் காட்டுவான், வறுத்த கோழி ஆறிப்போகும்வரை.

அவன் முதலில் வெறித்துப் பார்த்தான். புரிந்ததும் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை. வாளியை மெல்லக் காலடியில் வைத்தான். பிறகு காலியான அந்தக் கையைக் குவித்து, எதையோ தூக்கி எடுப்பதுபோல் காட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

கிண்ணத்தை எடுத்துட்டியா?

வெர்னா பலமாகத் தலையை ஆட்டினாள். எடுத்துவிட்டேன், எல்லாம் பத்திரம்.

அவன் இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டான். அவன் பூட்சுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல், இன்னும் நனையாமல் கிடந்தது. வெர்னா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தூரத்தில் சைரன் கேட்டது. பழுப்புத் தண்ணீர் நாக்கு நீட்டி வந்து கல்லின் ஓரத்தை நனைத்துவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்தது.