கோட்டுக்கு மேலே மறியல்

அருள்மொழி கணினி எழுத்துருவில், எண்ணின் தோளில் ஏறி நிற்கும் அடுக்குக்குறியின் உயரத்தைப் பதிந்த காலையில், ரிஷிவந்தியத்தில் அவள் வீட்டுக் கோழிகள் முழங்கால் உயரத்தில் காற்றில் நடந்தன. மேய முடியாமல் கத்தின. அவள் எண்ணைக் குறைத்ததும் இறங்கிவிட்டன.

சென்னையில் எழுத்துரு செய்யும் நிறுவனத்தில் இருந்தவள், கொரோனாவில் வேலையோடு அண்ணன் தமிழழகன் வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக் கணக்குப் புத்தகங்களைத் தமிழிலேயே அச்சிட ஓர் எழுத்துரு கேட்டிருந்தார்கள். எழுத்துகள் முன்பே வரைந்து முடிந்திருந்தன. ஆனால் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் பின்னம் எழுதினால், மேலே நிற்கும் 'ஞு'வின் வால் நடுக்கோட்டை வெட்டியது. கோடு எந்த உயரத்தில் நிற்க வேண்டும், மேலிருப்பது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், அடைப்புக்குறி எதுவரை நீளலாம் என்பதையெல்லாம் எண்களாக எழுத்துருவுக்குள் பதிய வேண்டும். அவள் பதிந்ததை ஊரும் கடைப்பிடித்தது. அடைப்புக்குறியை நீளவிட்ட அன்று தெருமுனைக் கிணற்றின் சுவர் இருபுறமும் வளைந்து ஆளுயரத்துக்கு வளர்ந்தது. தண்ணீருக்கு வந்த பெண்கள் வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள், சாயங்காலத்துக்குள் சரியானது.

மார்கழியில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிப் போட்டு மறியலில் உட்கார்ந்தார்கள். டிப்ளமோ முடித்துவிட்டுக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த தமிழழகனும் அங்கே இருந்தான். மதியம் அவன் மனைவி காசியம்மாளுக்கு நாள் ஆகும் முன்பே வலி கண்டது. அவளை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் மரத்தின் முன்னால் நின்றது. மறியலுக்குத் தலைமை தாங்கிய கொளஞ்சியப்பன் உடனே எழுந்து வழிவிடச் சொன்னார். ஆட்கள் விலகினார்கள், மரம் விலகவில்லை. கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. இருபுறமும் வயலில் தண்ணீர். ரத்தம் போய்க்கொண்டிருந்ததால் அவளை இறக்கக் கூடாது என்றார் செவிலியர்.

தமிழழகன் தங்கைக்கு போன் செய்தான்.

"பாப்பா, ஒங்க அண்ணி வண்டி மரத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு கீது. கோழிய தூக்கின மாரி இத தூக்க முடியுமா?"

"கோழிக்குப் போட்டது சின்னதத்தான் தூக்கும்ணா. இதுக்கு பின்னக்கோடு போடணும்."

கொளஞ்சியப்பன் போனை வாங்கினார். "தூக்கும்மா. நாங்க மரத்து மேலயே குந்திக்கிறோம். மறியல் நிக்கக் கூடாது பாரு."

"குந்துங்க மாமா. கெட்டியா புடிச்சிக்குங்க."

சாலையின் குறுக்கே, தூண் எதுவும் இல்லாமல், மைக் கறுப்பில் ஒரு கோடு உண்டானது. அது உயர உயர, கிளைகளோடும் காய்களோடும் ஆட்களோடும் மரம் அதற்கு மேலே போனது. கோட்டில் எங்கும் படாமல், 'ஞு'வின் வாலுக்காக அவள் விட்டிருந்த அதே இடைவெளியில் நின்றது. கோஷம் தானாக அடங்கியது. மேற்கே கல்வராயன் மலை அடிவாரம்வரை தெரிந்தது. ஒரு முதியவர் கும்பிட்டார். யாரை என்று அவருக்கே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் கீழே நுழைந்து போனது. தொங்கிய கால்களுக்கு நடுவே அதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழழகனுக்குக் கண்ணீர் வழிந்தது. அவன் துடைக்கவில்லை, இரண்டு கையாலும் கிளையைப் பிடித்திருந்தான்.

சாயங்காலம், பெண் குழந்தை, இருவரும் நலம் என்று போன் வந்தது. அதுவரை மேலே மறியல் நடந்தது. கீழே பேருந்துகள் போய்வந்தன. பிறகு அருள்மொழி எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எல்லோரையும் இறக்கினாள்.

எழுத்துரு தையில் வெளிவந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தக் கட்சி மறியல் அறிவித்தாலும், முதல் நாளே ஒருவர் அவள் வீட்டுக்கு வந்து எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். கோட்டின் நீளம் அதைப் பொறுத்தது.