சுடலைக்கு நேர்ந்த கிடா

ஆவுடைத்தாயிடமிருந்து ரெண்டு வயசு மகளைப் பிரித்துப் புருஷன் சாமித்துரை கையில் கொடுத்த ஜட்ஜ், அவள் பேச்சை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வழக்கு நடக்கும்போதே சாமித்துரை வீட்டுக் கிடா ஜட்ஜ் வீட்டுக் கொல்லையில் நின்றது ஊருக்கே தெரியும். ஆனால், ஜட்ஜ் மேல் அவள் கொடுத்த புகாரை விசாரிக்க மேலதிகாரி வந்தபோது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் எழுந்தது மாமியார் சீனித்தாய்தான்.

"சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஐயா. கோயில் கொடைக்குன்னு பருத்திக்கொட்டை போட்டு வளத்தேன். எம்மவன் அதை அவுத்துட்டுப் போயி இந்த ஜட்ஜய்யா வீட்டுல கெட்டிட்டான். நான் போயிக் கேட்டா, கறி ஆக்கியாச்சுன்னு சொல்லுதாவ. சாமி கிடாவத் தின்னவருக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன யோக்கியதை?"

ஜட்ஜை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறொருவர் வழக்கை முதலிலிருந்து கேட்டார். பிள்ளை தாயிடம் வந்தது.

அன்றைக்கே ஆவுடைத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, இடைசெவலில் மாமியார் வாசலில் போய் நின்றாள்.

"அத்தை, பெத்த மவனையே பகைச்சுக்கிட்டு எனக்காகப் பேசுனீங்களே" என்று காலில் விழப்போனாள்.

"ஒனக்காக எவ பேசுனா? கிடாவுக்காகப் பேசுனேன்" என்று சீனித்தாய் எரிந்து விழுந்தாள்.

ஆவுடைத்தாய்க்கு முகம் சுண்டிப்போனது. பிள்ளையோடு திரும்பினாள்.

"ஏட்டி, நில்லு. அதை எதுக்கு நேர்ந்தேன்னு கேக்க மாட்டியா? நீ பிரசவத்துல பேச்சுமூச்சில்லாமக் கெடந்தப்போ, தாயும் பிள்ளையும் பிரியாம இருக்கணும்னு நேர்ந்தேன். அதையே தின்னுட்டு அந்தாளு உங்களப் பிரிச்சா, நான் சும்மா விடுவேனா?"