எட்டுக் கம்பி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆச்சு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் “ஆச்சு” என்பாள். வரைந்தாச்சா, ஆச்சு. சரிபார்த்தாச்சா, ஆச்சு. பாதி வேலை முடியாமல் கிடக்கும்போதும் வாய் முந்திக்கொள்ளும். பிறகு சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து, சொன்னதை உண்மையாக்கப் படாதபாடு படுவாள். புரியாததைத் திருப்பிக் கேட்பது அவளுக்கு வராது. கேட்டால், இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களே.

அது ஆறு பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம். நடத்தியவர் பொறியாளர் ஒருவர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. நின்று பேசவே நேரமில்லாதவர். அவர் போடும் கணக்கைப் பார்த்து வரைபடம் வரைவது இவள் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் பொறியாளர் காதில் போனை வைத்துக்கொண்டு படியிறங்கியபடியே, பள்ளிக்கூடக் கட்டடத்தில் தளத்தைத் தாங்கும் பெரிய பீமைப் பற்றி இவளிடம் ஏதோ சொன்னார். ‘எட்டாக்கிடு’ என்பதும் ‘ரெண்டாவது மாடி’ என்பதும் காதில் விழுந்தன. நடுவில் சொன்னது விழவில்லை. கூடவே நாலு படி இறங்கிக் கேட்டிருக்கலாம். “சரி மேடம்” என்றாள். இரண்டாவது மாடி பீமில் ஆறு கம்பியை எட்டாக்கினாள். முதல் மாடியை அப்படியே விட்டாள். சரிபார்த்தாச்சா என்று பொறியாளர் கேட்டபோது ஆச்சு என்றாள். அவரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேறு எதற்கோ கணக்குத் தாள்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. முதல் மாடியில் நூலகம் வருகிறது. புத்தக அலமாரிகளின் பாரத்துக்காக எட்டுக் கம்பி வேண்டியது அங்கேதான். இரண்டாவது மாடிக்கு ஆறே போதும். முதல் மாடிக்குக் கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை காங்கிரீட்.

அப்போதே எழுந்து பொறியாளரின் அறைக்குப் போயிருந்தால் கால்மணி நேரத் திட்டோடு போயிருக்கும். அவள் மாடிப்படிக்குப் போய், பள்ளிக்கூடக் கட்டட வேலையைப் பார்க்கும் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். அந்த பீமில் இரண்டு கம்பி கூடுதலாகப் போட முடியுமா என்று, ஏதோ சின்ன விஷயம் போலக் கேட்டாள்.

“டிராயிங்ல ஆறுதான் இருக்கு. மாத்தி அனுப்புங்க, கட்டிடறேன். வாயால சொன்னதுக்கெல்லாம் நான் கம்பி கட்டறதில்லம்மா” என்றார் அவர்.

அனுப்புகிறேன் என்றாள். அனுப்பப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் அவருக்கு ஒரு மின்னஞ்சலை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கணக்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு கூடுதல் என்று பார்க்க மட்டும் துணிவில்லை. சனிக்கிழமை காலை, காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவளும் அக்காவும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை. அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். தங்கை சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“இடிஞ்சு விழுமா?”

“உடனே விழாது. விரிசல் விடலாம். தெரியலக்கா.”

தங்கையின் முந்தைய வேலையிலும் இப்படித்தான் ஆனது. முடிக்காத ஒரு வேலையை முடித்ததாகச் சொல்லிவிட்டு, மாட்டிக்கொள்ளும் நாள் வந்ததும் போனை அணைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டாள். அதோடு வேலை போயிற்று. மேசையில் கிடந்த பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவர அக்காதான் போனாள். அங்கே யாரும் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“போன தடவ உன் பைய வாங்க நான் போனேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. இந்தத் தடவ நான் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, குளிக்க எழுந்து போனாள்.

இவள் பொறியாளருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மேஸ்திரியும் எடுக்கவில்லை. கலைந்த தலையோடு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வாடகை வண்டி பிடித்தாள். வழியெல்லாம், காங்கிரீட் லாரி இன்னும் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு போனாள். வந்திருந்தது. ஒன்றல்ல, மூன்று. முதல் லாரியிலிருந்து குழாய் வழியாக மேலே ஏறிய காங்கிரீட் தளத்தின் கோடியில் விழ ஆரம்பித்திருந்தது. பெரிய பீமுக்கு இன்னும் வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே பொறியாளர் நின்றிருந்தார்.

“நிறுத்தணும் மேடம்.”

பொறியாளர் திரும்பிப் பார்த்தார். “உனக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க?”

“காய்ச்சல் இல்ல மேடம். இந்த பீமுக்கு எட்டுக் கம்பி வரணும். நான் ஆறுன்னு விட்டுட்டேன்.”

அவர் குனிந்து கம்பிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கையை உயர்த்தி மேஸ்திரிக்குச் சைகை காட்டினார். குழாய் நின்றது. இருபது பேர் அப்படியே நின்று இவளைப் பார்த்தார்கள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

இன்னைக்குக் காலைல என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கும், தெரிந்ததும் ஓடிவந்தாளே என்று. மேஸ்திரி அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவளே, “வியாழக்கிழமை” என்றாள்.

பொறியாளர் லாரிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். கோடியில் கொட்டியதை இறுகுவதற்குள் வாரி எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவ மதியம் ஆகிவிட்டது. இவளும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாரினாள். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு தொழிலாளி பக்கத்திலிருந்தவனிடம், இன்னைக்குப் பொழப்பு போச்சு என்றது இவள் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை பொறியாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“தப்பாக் கேட்டதுக்கு உன்ன வேலைய விட்டு அனுப்ப மாட்டேன். பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனா ரெண்டு நாள் தெரிஞ்சும் மனசுல வெச்சிட்டு இருந்தியே, அது எனக்கு மறக்காது.”

இனி இவள் வரையும் ஒவ்வொன்றையும், இவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் நல்லவன்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை ஏறாமல் விட்டாள். மூன்றாவதில் ஏறினாள்.

அதன்பின் யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினாள். சிலர் சிரித்தார்கள். “எத்தன தடவ சொல்றது?” என்று பொறியாளர் ஒருமுறை எரிந்து விழுந்தார். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. மறுபடி கேட்டாள். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. முன்புபோல இயல்பாகப் பொறியாளர் அவளிடம் பேசவும் இல்லை. பள்ளிக்கூடக்காரர்கள் அடுத்த கட்டடத்தை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து, ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஒரு வீட்டு வரைபடத்தில் குளியலறைக் கதவு தப்பாக உள்பக்கம் திறந்து கைகழுவும் தொட்டியில் இடிப்பதைப் பார்த்தாள். கையெழுத்திட்டவனும் கவனிக்கவில்லை. சின்னப் பிழைதான். அந்த வீட்டுக்காரர் கவனிக்கமாட்டார் என்று பட்டது. தச்சரே பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்று பட்டது. காலை பத்து மணிக்குப் பார்த்தவள், நாற்காலியிலிருந்து எழுந்தபோது மணி ஒன்று.

அறை வாசலில் நின்று சொன்னாள். பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“மாத்தி அனுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். வேறேதாவது சொல்வார் என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இருக்கைக்கு வந்து, கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றினாள்.