திரும்பி வந்த வால்வுகள்

ஏமாற்றுக்காரர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனக்குத் தனியாக ஒரு கண் இருப்பதாகச் செக்கரம்மாவுக்கு நம்பிக்கை. உடுப்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் செக்கராகச் சட்டைகளைப் பரிசோதித்தவள்; அந்த வேலையால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. ஒரு தையல் விட்டிருந்தாலும் சட்டை அவள் கையைத் தாண்டாது. ஓய்வு பெற்ற பிறகு பால்காரர், காய்கறிக்காரி, பக்கத்து வீட்டு மருமகள் என்று ஆள் மாற்றி ஆள் அந்தக் கண்ணில் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது மாட்டியிருந்தவர் வால்வுக் கடைக்காரர். வீட்டில் ஒரு பழைய ஆம்பிளிஃபயர் இருந்தது. அதில் செருகிய கண்ணாடி வால்வுகள் சூடேறிக் கனன்றால்தான் பாட்டு வரும். பாட்டு கரகரக்கத் தொடங்கியதால் இரண்டை மாற்ற வேண்டியிருந்தது. ஏதோ இரண்டு போதாதாம், மின்சாரம் இழுப்பதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற ஜோடி வேண்டுமாம். கடைக்காரர் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்துத் தருவார். வீட்டில் பொருத்திக் கேட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

அவள் புருஷன் நான்கு சனிக்கிழமைகள் மாற்றிவிட்டார். "இந்த ஜோடியும் சரியில்லம்மா" என்று பெட்டியோடு காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவள் காதுக்கோ ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரிதான் கேட்டது. அதுதான் உறுத்தியது.

"அந்த ஆளு உங்க தலையில மிளகாய் அரைக்கிறான். மாத்துற மாதிரி நடிச்சு அதையே திருப்பிக் குடுக்கிறான்."

"சேச்சே, அவரு அப்படிப்பட்டவர் இல்ல."

"உங்களுக்கு யாருதான் அப்படிப்பட்டவங்க?"

அவர் வழக்கம்போல இசைத்தட்டைத் துடைக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை, திருப்பிக் கொடுப்பதற்காகப் பெட்டியில் இருந்த வால்வுகளின் அடியில் அவள் நெயில் பாலிஷால் கடுகளவு புள்ளி வைத்தாள். தள்ளுபடி செய்த சட்டையையே மறுபடி அனுப்புகிறவர்களைத் தொழிற்சாலையில் இப்படித்தான் பிடிப்பாள். மறுநாள் மதியம் புது ஜோடி வந்தது. அவர் கை கழுவப் போனதும் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டிலும் புள்ளி இருந்தது.

திங்கட்கிழமை அவர் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், வால்வுகளைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். ஒடுக்கமான கடை. மீட்டர்கள், ஒயர்கள், மூலையில் இரண்டு ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு நாற்காலி. கடைக்காரர் நிமிர்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. நான் அப்படி இல்ல. இந்தப் புள்ளி நான் வச்சது. நீங்க மாத்தவே இல்ல!"

அவர் வால்வுகளை வாங்கி ஒவ்வொன்றாக டெஸ்டரில் செருகினார். இரண்டு முறையும் முள் ஒரே இடத்தில் நின்றது.

"மாத்தலதாம்மா. ஆனா ஏமாத்தல. இந்த ஜோடியில ஒரு குறையும் இல்ல. அது அவருக்கு முத வாரத்துலயே தெரியும்."

"அப்புறம் எதுக்குத் திருப்பிக் கொண்டு வராரு?"

சொல்வதா வேண்டாமா என்று அவர் சுத்தமாக இருந்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"பாட வராரு."

"என்னது?"

"அந்த நாற்காலியில உக்காந்து இசைத்தட்டோட சேந்து பாடுவாரு. நல்லா பாடுவாரும்மா. கடைக்கு வர்றவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க."

"வீட்லதான் ஆம்பிளிஃபயரே இருக்கு. அங்க பாடுறதுக்கு என்ன?"

"நானும் கேட்டேன். சிரிச்சிட்டு, 'வீட்ல செக்கிங் உண்டு'ன்னாரு."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணமான புதிதில் சவரம் செய்யும்போது அவர் பாடுவார். "அந்த இடம் சுருதி சேரல" என்று அடுப்படியிலிருந்தே இவள் சொல்வாள். மறுநாளும் சொல்வாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, குறை கண்டால் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவர் எப்போது பாட்டை நிறுத்தினார் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. ஒரு தையல் விட்டால் கண்டுபிடிப்பவள், வீட்டில் ஒரு பாட்டு நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

"வேற ஜோடி தரட்டுமாம்மா?"

"வேண்டாம். நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்."

சனிக்கிழமை வந்து தெருவில் ஒதுங்கி நின்று கேட்கலாமா என்று வழியெல்லாம் ஆசையாக இருந்தது. ஆனால் தன் காதையே அவளுக்கு நம்ப முடியவில்லை. எங்கே சுருதி விலகுகிறது என்றுதான் அது முதலில் தேடும்.

அவர் வீடு திரும்புவதற்குள் வால்வுகளைப் பழையபடி பொருத்திவைத்தாள். சாயங்காலம் அவர் இசைத்தட்டைப் போட்டார். பாட்டு துல்லியமாக வந்தது. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. இவள் உள்ளே வந்ததும் நின்றன.

"ஏங்க, இந்த ஜோடியும் சரியில்லங்க."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "உனக்கும் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது. சனிக்கிழமை கொண்டு போய் மாத்துங்க. அவசரமில்ல, நிதானமா உக்காந்து கேட்டுட்டு வாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டை விட்டு வெளியே போவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்கு அழுகை முட்டியது. அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.