நரியின் இடக்கை

ஆம்ஸ்டர்டாமில், கணவன் செத்த நாளிலிருந்து மாக்டெல்ட் தன் கொழுந்தன் யோஸ்ட்டின் அச்சுக்கூடத்தை விட்டு நகர்ந்ததில்லை. பழைய மிருகக் கதைகளுக்குச் செப்புத் தகட்டில் படம் செதுக்குவது அவள் வேலை. விற்றுத் தின்பது அவன் வேலை.

அச்சில் வந்த புதுத் தாளைப் பார்த்ததும் யோஸ்ட் குதித்தான். சிங்க ராஜாவின் முன்னால் சத்தியம் செய்யும் நரி இடக்கையைத் தூக்கியிருந்தது. தகட்டில் உள்ளது தாளில் இடம்வலம் மாறித்தான் விழும் என்பதை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"என்ன அண்ணி, கண்ணு அவிஞ்சு போச்சா? இடக்கை சத்தியம் எந்த ஊர்ல செல்லும்?"

"அது சொல்றது பொய்தானே? அதுக்கு அந்தக் கை போதும்."

யோஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "பலே! அப்படியே அடிங்கடா!" என்று அச்சு ஓட்டும் ஆட்களிடம் கத்தினான்.

இப்படிப்பட்டவளை வேறு அச்சுக்கூடக்காரன் எவனும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, மறுநாள் அவளை நீதிபதியின் முன் நிறுத்தினான். சாகும்வரை வேறு எவனுக்கும் செதுக்க மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்ய வேண்டும், மறுத்தால் தெருதான். நீதிபதி குனிந்து மூக்கைச் சிந்திய சமயம் பார்த்து, அந்த ஊரில் சத்தியத்துக்குத் தூக்கும் இரு விரல்களை மாக்டெல்ட் இடக்கையில் உயர்த்தினாள்.

யோஸ்ட் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான்.

"நரிக்கு அது போதும் அண்ணி," என்று சொல்லி, அவளுடைய வலக்கையை அவனே தூக்கிப் பிடித்தான்.